தீவாந்தரத்தில் ஓர் ஊர்காண் காதை

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ‘ஊர்காண் காதை’ என்றொரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மதுரை மாநகரைச் சுற்றிப் பார்க்கின்றான். கோட்டை வாயிலைக் கடந்து, மணிக்கடைத் தெருவும் பொற்கடைத் தெருவும் அறுவை வீதியும் கூல வீதியும் கண்டு, திரிந்து, மகிழ்ந்து மீள்கின்றான். விற்க வேண்டிய சிலம்பு இன்னும் விற்கப்படவில்லை. வரவிருப்பது இன்னதென்று அவன் அறியான். மதுரையில் அவனுக்குக் கிட்டிய ஓய்வுப் பொழுது அது ஒன்றே.

ஓர் ஊரைக் காண்பதற்கென்றே நடப்பது நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. ஆற்றுப்படை நூல்கள் எவ்வழியே செல்வது, எங்கே தங்குவது, எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி வழிப்படுத்துவன. மதுரைக்காஞ்சியோ பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் காட்டி, இரவை யாமம் யாமமாகப் பகுத்து, எந்த யாமத்தில் எவர் விழித்திருப்பர், பண்ணியம் விற்போர் எப்போது தூங்கி விழுவர் என்பது வரை விரித்துரைக்கின்றது. கலையும் உணவும் இரவுக் களிப்பும் நாடி இரண்டு மூன்று நாள் ஒரு நகரில் தங்கி வருவதென்னும் வழக்கத்தை மேனாட்டார் கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இத்தீவில் வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆற்றுப்படை பாட வேண்டியிருக்கின்றது. ‘மெயின்லேண்டி’லிருந்து சித்தப்பா குடும்பம் வரும், மாமன் மக்கள் வருவர். முன்பெல்லாம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி மூன்று பகலும் இரவும் அலையில் ஆடி வந்து சேர்ந்தவர்கள், இன்று காலையுணவைச் சென்னையில் உண்டு, நண்பகலுக்கு முன்பே இங்கு வந்து இறங்குகிறார்கள். இறங்கியவுடன் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, “ஹாவ்லாக்கிற்குப் படகு எத்தனை மணிக்கு?” என்பது. போர்ட் பிளேர் அவர்களுக்கு ஓரிரவு தங்கும் சத்திரம். சிறைச்சாலையை அரைமணி நேரத்தில் ஓடிப் பார்த்துவிட்டுப் படகேறிவிடுகிறார்கள். நாமும் அதற்கே துணை நிற்கின்றோம். இந்நகரத்தை நாமே சரியாகப் பார்த்ததில்லை என்பதுதான் காரணம். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் ராஸ் தீவில் கால்வைத்தவர் எத்தனை பேர்?

ஊரின் பெயரைப் பற்றி ஒரு சொல். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்னும் கடற்படை அதிகாரி சாத்தம் தீவில் முதற் குடியேற்றத்தை அமைத்தார். அவர் பெயரால் வழங்கிய நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் என்னும் பெயர் அறிவிக்கப்பட்டது. சோழர் கடற்படையின் நினைவும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைச் சொல்லும் முதலாம் இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் இடம்பெறுவது உண்மையே. நக்கவாரம் என்பது நிக்கோபார். ஆனால் ஸ்ரீவிஜயம் என்பதோ அப்படையெடுப்பில் இராசேந்திரன் வென்ற கடாரத்தரசனுடைய பேரரசின் பெயர்! வென்றவன் நினைவாகத் தோற்றவன் நாட்டின் பெயர் வந்து சேர்ந்த விந்தையை வரலாற்று மாணவர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ராஸ் தீவு 2018 டிசம்பர் முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஹாவ்லாக் ஸ்வராஜ் தீவு. பழகிய பெயர்களையே இக்கட்டுரையில் ஆள்கின்றேன். புதுப்பெயர்களைப் பலகைகளிலும் பயணச்சீட்டுகளிலும் காண்பீர்கள்.

நம் பாட்டிமார் வழங்கிய பெயர் வேறு. கொலை செய்தவனுக்கு என்ன தண்டனை என்றால் ‘தீவாந்தர சிட்சை’ என்பார்கள். தமிழனுக்குத் தீவாந்தரம் அந்தமானுக்கு முன்பே தொடங்கியது. மருது பாண்டியர் வீழ்ந்த பின்னர், 1802இல், சின்னப் பையனான துரைச்சாமி உள்ளிட்ட 70க்கும் மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1908இல் வ.உ.சிதம்பரனார்க்குத் திருநெல்வேலி நீதிமன்றம் விதித்ததும் இத்தண்டனையே. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் செக்கிழுத்த இடம் கோவைச் சிறை. செக்கு என்றவுடன் நமக்குக் கோவை நினைவுக்கு வருகின்றது. அதே செக்கு இத்தீவில் எத்தனை கைகளால் சுற்றப்பட்டது என்பது நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே, உறவினர் வந்தால் இந்நகருக்கென்று மூன்று நாள்களை ஒதுக்கச் சொல்லுங்கள். விரைய வேண்டா. ஆனால் பார்க்கும் முறையில் ஒரு வரிசை உண்டு. யாவரும் சிறையை முதலிற் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் ராஸுக்குப் போகிறார்கள். அதனை மாற்றுக. ராஸை முதலிற் காண்க. சிறையைப் பின்னர்க் காண்க. ஏன் என்பதைச் சொல்கின்றேன்.

ஆபர்டீன் துறையிலிருந்து படகில் கால் மணி நேரப் பயணம் ராஸ். காலைப் படகிலேயே போய்விடுவது நன்று. வெயில் ஏறினால் மேட்டில் ஏற முடியாது. 1858 மார்ச்சு 10ஆம் நாள் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு கப்பலில் வந்து இறங்கினார். முந்திய ஆண்டின் பெருங்கிளர்ச்சியில் பிடிபட்டோரை அடைக்க இடம் தேடி வந்த கப்பல் அது. சாத்தத்தில் தண்ணீர் போதவில்லை. ராஸ் தீவின் காட்டை வெட்டும் பணி கைதிகள் தலையில் விழுந்தது. தப்பியோடிப் பிடிபட்டவர்களில் 80க்கும் மேற்பட்டோரை வாக்கர் தூக்கிலிட்டார். அந்த இரத்தம் உலர்ந்த மண்ணின் மேல், அடுத்த எண்பது ஆண்டுகளில் எழுந்ததுதான் ‘கிழக்கின் பாரிசு’ என்று துரைமார் புகழ்ந்த சிறுநகரம்.

இன்றைக்கு நீங்கள் காண்பவை சிதைவுகள். மேட்டின் உச்சியில் தலைமை ஆணையரின் மாளிகை. சற்றுத் தள்ளிப் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம். கீழே ரொட்டிச் சாலை, அச்சுக்கூடம், நீச்சற்குளம், டென்னிசு ஆடுகளம், கேளிக்கை மன்றம், கல்லறைத் தோட்டம். கூரை எல்லாம் போயிற்று. சுவர்களைத் தழுவி இறங்கிய ஆலின வேர்களே இன்று அவற்றைத் தாங்கி நிற்கின்றன. வேரை வெட்டினால் சுவர் விழும் என்னுமளவுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு அஞ்சாமல் பக்கத்தில் வந்து நிற்கும், குழந்தைகளுக்குப் பெருமகிழ்ச்சி.

அந்த நடன மண்டபத்தின் முன் ஒரு நாழிகை உட்காருங்கள். இந்நகரின் முதல் ‘இரவு வாழ்க்கை’ நடந்த இடம் அது. விளக்குகள் எரிந்தன, பாண்டு வாத்தியம் முழங்கியது, சீமைச் சாராயம் ஓடியது, துரைசானிகள் மரத்தளத்தில் ஆடினர். அந்தத் தளத்தின் பலகையை அறுத்தவன் யார்? ரொட்டி சுட்டவன் யார்? பட்டுடை நனையாமல் அவர்களைத் தோணியில் வைத்துத் துடுப்பு வலித்தவன் யார்? மாளிகையில் விசிறி இழுத்தவன் யார்? யாவரும் தீவாந்தர சிட்சை பெற்றவர்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை, இரங்கூன் ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் கொணரப்பட்டவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்தோர் நம் சொல்லில் பேசியவர்கள்; அவர்கள் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கற்கள் துரைமக்களுக்கும் அவர்தம் பச்சிளங் குழந்தைகளுக்கும் உரியவை. அக்குழந்தைகளை நினைத்தாலும் நெஞ்சு இளகத்தான் செய்கின்றது. மலேரியாவுக்குத் துரை என்றும் கூலி என்றும் வேற்றுமை தெரியாது.

1941 சூன் 26இல் வந்த நிலநடுக்கம் ராஸின் சுவர்களைப் பிளந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சு 23இல் ஜப்பானியர் வந்தனர். அவர்கள் கட்டிய பதுங்கு குழிகள் கரையோரத்தில் இன்னும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, துறைமுகத்தின் வாயிலில் குறுக்கே கிடக்கும் இச்சிறு தீவு அலையின் வேகத்தை முறித்தது என்பர்.

பசியோடு திரும்புவீர்கள். நண்பகல் உணவை ஆபர்டீன் கடைத்தெருவில் வைத்துக்கொள்க. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தார் சுட்ட மீன் கொடுத்தனர். ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைத்தன. இரண்டும் இங்கே ஒரே தெருவில் கிடைக்கின்றன. சங்கராவும் சூரையும் வஞ்சிரமும் அன்றன்று கரைக்கு வருவன. ஆனால் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கப்பல் வந்தால்தான். கப்பல் தாமதித்தால் சாம்பாரின் நிறம் மாறிவிடும் என்பதை இல்லத்தரசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்நகரின் உணவே இதன் வரலாறு. கடுகெண்ணெயில் மீன் பொரிப்பவர், 1949க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தோரின் மக்கள். தேங்காயரைத்த மீன்குழம்புக்காரர்களில் ஒருசாரார் 1921ஆம் ஆண்டு மாப்பிளைக் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டு வந்தோரின் வழியினர். அவர்கள் தம் ஊர்ப்பெயர்களையும் உடன் கொணர்ந்து தென் அந்தமானில் ஒரு காலிகட்டையும் மன்னார்காட்டையும் நட்டுவைத்தனர். கைதிகளாக வந்து, விடுதலைச் சீட்டுப் பெற்று, நிலம் பெற்று, இங்கேயே மணம் புரிந்தோரின் மரபினர் ‘லோக்கல் பார்ன்’ எனத் தம்மைச் சொல்லிக்கொள்வர். அவர்கள் வீட்டில் சாதியும் மாகாணமும் கலந்து கொதித்து வேறொரு சுவையாகிவிட்டன. பொது மொழி இந்துஸ்தானி. நம்மவரின் இட்லிக்கடையும் புரோட்டாக்கடையும் இவற்றுக்கிடையே ஓங்கி நிற்கின்றன. நம்மில் பெரும்பாலோர் வேலை தேடியும் வணிகம் தேடியும் வந்தவர்கள். ஆயின் எல்லோரும் அப்படியல்லர். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் சில, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் மரம் நடக் கொணரப்பட்டன. ஆழிப்பேரலையில் கச்சால் பட்ட பாடு நாம் அறிவோம். அவர்களும் இக்கடைத்தெருவில் சாமான் வாங்க வருகிறார்கள்.

இனிச் சிறை. மறுநாள் பிற்பகலில், வெயில் சாயும்போது செல்க. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த கட்டடம். செங்கல் பர்மாவிலிருந்து வந்தது. உழைப்பு கைதிகளிடமிருந்து வந்தது. நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஏழு சிறகுகள், மூன்று மாடிகள், ஏறத்தாழ 700 தனியறைகள். ஒரு சிறகின் அறைவாயில் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும். ஒருவன் இன்னொருவன் முகத்தைக் காணாதிருக்கவே இந்த அமைப்பு. கொட்டடியில் தள்ளி அடிப்பதைவிடக் கொடியது இது. மனிதனுக்கு மனிதனை இல்லாமற் செய்வது. ஒரு நாளைக்கு 30 இராத்தல் தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டும் என்பது கணக்கு. குறைந்தால் சவுக்கடி, கால் விலங்கு. 1933ஆம் ஆண்டு உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். அரசியல் கைதிகள் கடைசியாக 1938இல் தாயகம் அனுப்பப்பட்டனர். ஏழு சிறகுகளில் இன்று நிற்பவை மூன்றே. 1979 பிப்ரவரி 11இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதனைத் தேசிய நினைவகமாக அறிவித்தார்.

கோபுரத்தின் மேல் ஏறுங்கள். எதிரே கடலில் தெரிவது என்ன? நேற்று நீங்கள் பார்த்த ராஸ். வரிசையை மாற்றச் சொன்னது இதற்காகவே. நடன மண்டபத்தின் விளக்கொளி நீர்ப்பரப்பில் படரும் தொலைவில் இந்த 700 அறைகள் எழுந்தன. ராஸைக் காணாதவனுக்குச் சிறை வெறும் சிறை; கண்டவனுக்கு இரண்டும் ஒரே கட்டடத்தின் இரு அறைகள்.

இந்நகரில் பொழுது விரைவாகச் சாயும். நாட்டின் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி ஓடுகின்றது. நாமோ அதற்கும் பத்துப் பாகை கிழக்கே இருக்கிறோம். கதிரவன் நம் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 40 நிமிடம் முந்தி நடக்கின்றான். மார்கழியில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சென்னையில் அலுவலகம் முடியாத நேரத்தில் இங்கே முதல் யாமம் தொடங்கிவிடும். இரவுக் களிப்பு வேண்டி வருவோர்க்கு இதைவிடப் பேறு வேறென்ன? ஆனால் மாநகரங்களின் மதுக்கூடங்களையும் ஆட்டக்கூடங்களையும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமே. இங்கே இரவு என்பது சிறை முற்றத்தில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சி. அங்குள்ள அரசமரமே கதை சொல்வதாக அமைந்தது அது. இருட்டில் ஒவ்வொரு சிறகாக ஒளி பட்டு அணைகையில், பேசிக்கொண்டிருந்த குழந்தைகளும் வாய் மூடுவர். காட்சி இந்தியிலா ஆங்கிலத்திலா என்பதை முன்னரே கேட்டறிந்து செல்வது நலம். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும்.

அதன்பின் மெரீனா பூங்காவில் காற்று வாங்கலாம். அருகேயுள்ள அன்றைய ஜிம்கானா திடலில்தான் 1943 டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி மூவண்ணக் கொடியை ஏற்றினார். அந்த மகிழ்ச்சிக்கு ஒரு நிழல் உண்டு. நேதாஜி வந்திருந்த அந்நாளிலேயே, இந்திய விடுதலைக் கழகத்தின் உள்ளூர்த் தலைவரான டாக்டர் திவான் சிங் ஜப்பானியரால் இச்சிறையில் வதைக்கப்பட்டுக்கொண்டிருந்தார். 1944 சனவரியில் இறந்தார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1945 ஆகஸ்டில், உணவு தீர்ந்த நிலையில், நூற்றுக்கணக்கான மக்களைப் பயிர்செய்ய அழைத்துச் செல்வதாகச் சொல்லிக் கப்பலேற்றி, ஹாவ்லாக் தீவின் அருகே கடலில் தள்ளினர். கரை சேர்ந்து பிழைத்தவர் மிகச் சிலர். நம் உறவினர் ஓடோடிச் சென்று நீராடும் வெண்மணற் கரை அந்தத் தீவினதே. போக வேண்டா என்று சொல்லவில்லை, கடல் அழகானதுதான். மூன்று நாள் இங்கே தங்கியபின் போனால், அந்த நீரில் இறங்கும்போது ஒரு கணம் நிற்பார்கள்.

மூன்றாம் நாளைக் கலைக்கு ஒதுக்கலாம். பீனிக்ஸ் பேயில் உள்ள மானிடவியல் அருங்காட்சியகம் சிறிய கட்டடம். வில், அம்பு, கூடை, மரக்கலம், நிக்கோபாரியரின் வட்டக் குடில் மாதிரி. நம் நெய்தற் பாடல்களில் தாழை என்றால் மணம். நிக்கோபாரியர்க்குத் தாழை என்றால் உணவு. அதன் பழத்தை அவித்துப் பிசைந்து உண்கிறார்கள். ஒரு மரத்தை இரு கடற்குடிகள் இருவகையாய்க் கொண்டதை எண்ணி வியந்தேன். பெரிய அந்தமானியர் நம் எல்லோருக்கும் முன்னே இத்துறையை ஆண்டவர்கள். 1859இல் அம்பும் வில்லும் கொண்டு ஆபர்டீனில் வெள்ளையரை எதிர்த்தவர்கள். இன்று அவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். ‘போ’ என்னும் மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா என்னும் மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். மொழியின் தொன்மையைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நாம், அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன் சற்றே அமைதியாக நிற்பது தகும்.

அங்கிருந்து சாத்தம் பாலத்தைக் கடந்தால் 1883இல் தொடங்கிய அரசு மர ஆலை. நம் வேங்கை மரத்தின் இனமான படாக் மரம் அறுபடுவதை அங்கே காணலாம். செந்நிறப் பலகை மணக்கும். 1942இல் ஜப்பானியர் வீசிய குண்டு தோண்டிய பள்ளம் ஆலையின் உள்ளேயே இருக்கின்றது. சிற்பமும் நாற்காலியும் வைத்திருக்கும் வன அருங்காட்சியகமும் அங்கேதான்.

சாத்தம் துறையிலிருந்து பாம்பூ ஃபிளாட்டுக்குப் போகும் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் படகன்று, வேலைக்குப் போவோரும் பள்ளிப் பிள்ளைகளும் இருசக்கர வண்டிகளும் நெருக்கியேறும் படகு. மேற்கே உள்வாங்கிய விரிகுடாவில் தெரிவது வைப்பர் தீவு; செல்லுலார் சிறைக்கு முன் சங்கிலிக் கைதிகள் கிடந்த இடம். எதிர்க்கரையில் பானிகாட். 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, ஹேரியட் மலையில் சூரியன் மறைவதைக் கண்டு களித்து இறங்கிய வைசிராய் மேயோ பிரபுவை, ஷேர் அலி என்னும் கைதி கத்தியால் குத்தியது அந்தத் துறையில்தான். நாட்டையாண்ட பெருந்துரையின் சுற்றுலா அவ்வாறு முடிந்தது. ஷேர் அலி மறுமாதம் வைப்பரில் தூக்கிலிடப்பட்டான். 2021 முதல் மணிப்பூர் மலை எனப்படும் அந்த ஹேரியட் மலையிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கமும் தென்னைகளும் தெரியும். பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருப்பது அக்காட்சியே. மாற்றாத தாள் ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்த்து மகிழ்வர். திரும்பும் படகை இருட்டுமுன் பிடிப்பதானால், நான்கு மணிக்கே மலையை விட்டு இறங்க வேண்டும்.